மணற்கடிகையும் மகளிர் எழிலும்

தோன்றியன யாவும் அழியும் என்பதும், இளமையும் எழிலும் நில்லாது கழியும் என்பதும் எல்லாச் சமயத்து ஆன்றோரும் ஒருதலையாக உடன்பட்ட உண்மைகளாம். இவ்வுண்மைகளை மாணாக்கர்க்கு உணர்த்துங் கடப்பாடு சைவப் பாடசாலை ஆசிரியர்க்கு உண்டு. ஆயினும், ஓருண்மையை விளக்குதற்கு நாம் எடுக்கும் உதாரணம், நாம் கருதாத வேறொன்றையுங் கேட்போர் நெஞ்சிற் பதித்துவிடுதல் உண்டு. நிலையாமைக்குப் பெண்ணின் எழிலை உதாரணமாகக் காட்டுதல் தொன்றுதொட்டு வரும் வழக்கு. அவ்வழக்கு நீதியோ அன்றோ, நீதியாயின் எவ்வளவில் நீதி என்பதே ஈண்டு ஆராயப்படுவது. காலத்தின் கழிவையும் மகளிர் வடிவையும் ஒருங்கே குறிக்கும் பொருளாக மேனாட்டார் கொண்டது மணற்கடிகை ஆதலின், அதனையே இவ்வாராய்ச்சிக்குக் கருவியாகக் கொள்வாம்.

மணற்கடிகையாவது, மேலுங் கீழுமாக அமைந்த இரண்டு கண்ணாடிக் குமிழ்கள் நடுவே ஒரு சிறு துளையினாற் பொருத்தப்பெற்று, மேற்குமிழின் மணல் கீழ்க்குமிழில் ஒழுகி முடியும் அளவைக்கொண்டு காலத்தை அளக்குங் கருவி. நம் முன்னோர் நீரினாற் காலம் அளந்தனர். அடியிலே நுண்ணிய துளையுடைய வட்டிலை நீரில் மிதக்கவிட, நீர் உட்புகுந்து அவ்வட்டில் அமிழும் நேரம் ஒரு நாழிகையாகும். அஃது இக்காலக் கணக்கில் 24 நிமிடம். அத்தகைய நாழிகை 60 கொண்டது ஒரு நாள். பாசறையிலே நாழிகை அளந்து அரசனுக்கு அறிவிப்போர் முல்லைப்பாட்டிற் கூறப்படுதலின், இவ்வழக்கின் பழமை பெறப்படும். ஐரோப்பாவிலோ மணற்கடிகை 14-ஆம் நூற்றாண்டு முதலாகப் பரவலாயிற்று. கடலில் ஆடும் மரக்கலத்தில் நீர்க்கடிகை பயன்படாமையின், மாலுமிகள் மணற்கடிகையையே கைக்கொண்டனர். அரைமணிக்கு ஒருமுறை கடிகையைத் திருப்பி மணியடித்து முறைமாற்றங்களை வகுத்தனர். முடிச்சிட்ட கயிற்றைக் கடலில் விடுத்து, 28 விநாடிக் கடிகை ஒழுகி முடியுமுன் எத்தனை முடிச்சுக்கள் கைவிட்டுச் சென்றன என்று எண்ணிக் கப்பலின் வேகத்தை அறிந்தனர். கப்பலின் வேகத்தை முடிச்சுக் கணக்கிற் கூறும் வழக்கு இதனால் வந்ததே. தேவாலயங்களிலே பிரசங்க மேடையின் அருகில் இக்கருவியை வைத்துப் பேசும் அளவை வரையறுத்தலும் இருந்தது.

இக்கருவியில் நோக்கத்தக்க இயல்பு ஒன்றுண்டு. அடியில் துளையுடைய குடத்திலிருந்து நீர் ஒழுகுமாயின், குடம் நிறைந்திருக்கும்போது விரைந்தும், குறையுந்தோறும் மெலிந்தும் ஒழுகும். மணல் அங்ஙனமன்று. மேலுள்ள மணல் மிகுதியாயினுங் குறைவாயினும் அஃது ஏறக்குறைய ஒரே வீதமாகவே இறங்கும். அதன் வேகம் துளையின் அகலத்தையும் மணியின் பருமையையும் பற்றியதேயன்றி, மேலே எஞ்சியிருக்கும் மணலின் உயரத்தைப் பற்றியதன்று. முடியுந் தறுவாயில் மணல் விரைவதுபோலத் தோன்றுதல், குமிழின் வடிவம் கீழே ஒடுங்குதலினால் நிகழுந் தோற்றமாம். ஆகவே, இளையோன் கழிக்கும் ஒரு நாளும் முதியோன் கழிக்கும் ஒரு நாளும் அளவால் ஒன்றே. ஆடவன் கழிப்பதும் பெண் கழிப்பதும் ஒன்றே. காலம் ஒருவர்க்கு விரைந்தும் மற்றொருவர்க்குத் தாழ்ந்தும் ஒழுகுவதில்லை. இதனை முதற்கண் உள்ளத்திற் கொள்ளுக.

இனி, மேனாட்டு ஓவியர் இக்கடிகையை எவர் கையிற் கொடுத்தனர், எவர் தலைக்குமேற் பிடித்தனர் என்று பார்ப்பாம். இத்தாலி தேசத்துச் சியென்னா நகரின் ஆட்சி மண்டபத்திலே, அம்புரோஜியோ லோரென்சேத்தி என்னும் ஓவியர் 1338-ஆம் ஆண்டளவில் நல்லாட்சியின் இலக்கணத்தைச் சுவரில் எழுதினார். ஊரின் பொதுநலத்தை ஓர் அரசனாக உருவகித்து, அவனுக்கு இருமருங்கும் ஆறு நற்குணங்களை ஆறு பெண்களாக வீற்றிருக்கச் செய்தார். அவர்களுள் அடக்கம் என்னுங் குணமாகிய பெண், தன் கையிலே மணற்கடிகையை ஏந்தி அதனை நோக்கியிருக்கின்றாள். மணற்கடிகைக்குரிய மிகப் பழைய ஓவியச் சான்றுகளுள் ஒன்றாக இதனை அறிஞர் எடுத்துக்காட்டுவர். ஈண்டுப் பெண் காலத்துக்கு இரையாகியவள் அல்லள், காலத்தை அளப்பவள். அவள் முகத்தில் அச்சம் இல்லை. செய்யத்தக்கதனைச் செய்யத்தக்க அளவிற் செய்யும் அறிவே அவளுக்கு அணியாகின்றது.

ஏறக்குறைய 170 ஆண்டுகள் கழிந்தபின், ஜேர்மனி தேசத்து ஓவியராகிய ஹான்ஸ் பால்டுங் என்பவர் பெண்ணின் மூன்று பருவங்களையும் மரணத்தையும் ஒரு பலகையில் எழுதினார். 1509 அல்லது 1510-ஆம் ஆண்டினதாகிய அவ்வோவியம் வியென்னா நகரத்து நூதனசாலையில் உள்ளது. அதன் நடுவே இளம்பெண்ணொருத்தி கையாடியில் தன் முகத்தைப் பார்த்துக் கூந்தலைத் திருத்துகின்றாள். அவளுடைய காலடியில் ஒரு குழந்தை. அவளுக்கு அருகே ஒரு முதியவள். பின்னே, தசை அழுகிய மரணம் நின்று, மணற்கடிகையை இளம்பெண்ணின் தலைக்குமேற் பிடிக்கின்றது. முதியவள் அக்கையைத் தடுக்கக் கையுயர்த்துகின்றாள். இளம்பெண்ணோ ஒன்றும் அறியாள். சியென்னாவிலே பெண்ணின் கையில் இருந்த கடிகை, இங்கே அவளுடைய தலைக்குமேற் சென்றது. அவள் கையிற் கொடுக்கப்பட்டது கண்ணாடி ஒன்றே.

பால்டுங் என்பவருக்கு ஆசிரியராக இருந்த ஆல்பிரெக்ட் டூரர் ஆடவர்க்கும் மணற்கடிகை காட்டினார். 1513-ஆம் ஆண்டில் அவர் செதுக்கிய படத்திலே, குதிரைமேற் செல்லும் வீரனுக்கு மரணம் கடிகையைக் காட்டுகின்றது. வீரன் திரும்பிப் பாராது தன் வழியே செல்கின்றான். 1514-ஆம் ஆண்டின் படத்திலே, ஜெரோம் என்னும் முனிவர் தம் அறையில் எழுதிக்கொண்டிருக்க, பின்சுவரிலே கடிகை தொங்குகின்றது. அவர் எழுதுதலை நிறுத்தினாரல்லர். இவ்விரு படங்களையும் பால்டுங் எழுதிய படத்தோடு வைத்து நோக்குக. காலம் கழிகின்றது என்னும் செய்தி மூன்றிலும் ஒன்றே. ஆயினும் வீரனுக்கு ஒரு வழி உண்டு. முனிவருக்கு ஒரு தொழில் உண்டு. ஆதலின் கடிகை அவர்களுடைய தொழிலுக்குப் பெருமை தருகின்றது. இளம்பெண்ணுக்கோ கண்ணாடியன்றி ஒரு தொழிலும் ஓவியர் வைத்திலர். ஆதலின் கடிகை அவளுக்கு இகழ்ச்சியாகவே முடிகின்றது. அவளுக்குத் தொழிலில்லை என்பது அவள் குற்றமோ, எழுதினவர் குற்றமோ என்பதை ஆசிரியர்கள் சிந்திப்பார்களாக.

ஓவியர் அச்சுறுத்தினர், புலவர் சிலர் ஆசைகாட்டினர். 1648-ஆம் ஆண்டில் வெளிவந்த ராபர்ட் ஹெரிக் என்பவரின் பாடலொன்று, கன்னியரை நோக்கி, மலர் வாடுமுன் பறித்துக்கொள்ளுமாறும், இளமை கழியுமுன் மணஞ் செய்துகொள்ளுமாறும் புத்தி கூறுகின்றது. மிஷன் பாடசாலையிற் பயின்ற நம்மனோர் பலர் இப்பாடலை நெட்டுருச் செய்தவர்களே. 1681-ஆம் ஆண்டில் அச்சேறிய ஆண்ட்ரு மார்வெல் என்பவரின் பாடல் இன்னும் ஒருபடி மேற்செல்கின்றது. கல்லறையை நினைப்பூட்டி, அதனையே ஏதுவாகக் காட்டி, நாணி நிற்கும் பெண்ணை இசைவிக்க முயல்கின்றது. சொல்நயத்தால் இவை சிறந்தன என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஈண்டு நிலையாமை எதற்குக் கருவியாயிற்று என்று பார்க்குங்கால், பற்றறுத்தற்கு அன்று, பற்றை நிறைவேற்றிக்கொள்ளுதற்கே என்பது புலனாகும். வைராக்கியம் பிறப்பிக்க வேண்டிய உண்மையே இச்சைக்குத் தூதாயிற்று.

இன்னும் ஒன்று உண்டு. மேலும் கீழும் பருத்து இடை ஒடுங்கிய பெண்வடிவை மணற்கடிகை வடிவம் என்றே ஆங்கிலேயர் கூறுவர். 19-ஆம் நூற்றாண்டிலே, திமிங்கிலத்தின் வாயிலிருந்து எடுக்கும் வளைதகட்டையும் எஃகையும் வைத்துத் தைத்த கச்சினால் ஐரோப்பிய மகளிர் தம் இடையை இறுக்கி அவ்வடிவைப் பெற்றனர். மூச்சு முட்டினும் முறை தவறாது இறுக்கினர். வைத்தியர் பலர் அதனைக் கண்டித்தனர். அவ்வழக்கு ஒழிந்தபின்னும், 1947-ஆம் ஆண்டிற் பாரிஸ் நகரத்து ஆடைவகுப்போராகிய கிறிஸ்தியன் டியோர் என்பவர் இடைசிறுத்த வடிவையே மீளவும் புதுமையாகக் கொண்டுவந்தார். இவ்வாறு, காலத்தை அளக்குங் கருவியின் வடிவையே தன் உடம்பில் ஏற்கும்படி பெண்ணுக்குக் கூறப்பட்டது. அவ்வடிவு குலைந்தபோது காலம் முடிந்தது என்றுங் கூறப்பட்டது. அவள் கடிகையாயினாள், அவளைப் பார்த்து மணி எண்ணுவோர் பிறர் ஆயினர்.

இக்குற்றம் மேனாட்டார்க்கே உரியது என்று நாம் மகிழ்தற்கு இடமில்லை. நாலடியார், செல்வநிலையாமை, இளமைநிலையாமை, யாக்கைநிலையாமை என்னும் அதிகாரங்களை முன்வைத்து, யாவர்க்கும் பொதுவாக நிலையாமை கூறத் தொடங்குகின்றது. ஆயினும், தூய்தன்மை என்னும் அதிகாரத்திலே பெண்ணுடம்பையே பொருளாகக்கொண்டு அருவருப்பை எழுப்புகின்றது. சித்தர் பாடல்கள் சிலவற்றிலும் இப்போக்குக் காணப்படும். நூல்களை விட்டு வீட்டை நோக்கினும் நிலைமை வேறன்று. முப்பது வயது கடந்த மகளை நோக்கிக் காலம் போகின்றது என்று உற்றாரும் மற்றாரும் நாடோறும் நினைவூட்டுவர். அவ்வயதினனாகிய மகனுக்கு அங்ஙனம் நினைவூட்டுவார் அரியர். பெண்ணின் வயது ஏறுந்தோறுஞ் சீதனத் தொகையும் ஏறுதலைக் காண்கின்றோம். தோலை வெளுப்பிக்கும் பூச்சுக்களை வாங்கும்படி பத்திரிகையும் தொலைக்காட்சியுங் கன்னியரைத் தூண்டுகின்றன. ஆகவே, பால்டுங் எழுதிய ஓவியம் வியென்னாவில் மாத்திரம் தொங்குவதன்று.

அற்றேல், ஆடவர்க்கு உள்ள பற்றுக்களுட் பெண்ணாசை வலியது. அதனை அறுத்தற்கு அவ்வெழிலின் நிலையாமையை இடித்துக் கூறுதல் உபாயமேயன்றோ, ஆன்றோர் அங்ஙனங் கூறியது பிழையாமோ எனின், கூறுதும். பற்று என்பது பற்றுவானிடத்து உள்ளது. பற்றப்படும் பொருளிடத்து உள்ளதன்று. தன் கண்ணிலுள்ள நோயைத் தீர்க்க மருந்திடாது, விளக்கை இகழ்தலால் ஒருவனுக்குப் பயன் இல்லை. அன்றியும், விருப்பைப் போலவே வெறுப்பும் ஒரு பற்றே. ஒரு பொருளை ஓயாது அருவருப்பவன் அப்பொருளை ஓயாது நினைக்கின்றான். மேலும், அவ்வதிகாரங்கள் துறவை மேற்கொண்ட ஆடவர் தம்மையொத்த ஆடவர்க்குக் கூறியவை. ஒருவனுக்கு வைத்தியர் கொடுத்த மருந்தை மற்றொருவருக்கு ஊட்டுதல் நோய் தீர்ப்பதாகாது. இக்காலத்து நம் வகுப்பறையிலே முன்வரிசையில் இருந்து கேட்பவள் பதினான்கு வயதுச் சிறுமி. அவள் அச்செய்யுளிலிருந்து நிலையாமையைக் கற்கின்றாளோ, தன் உடம்பை வெறுக்கக் கற்கின்றாளோ என்பதை ஆசிரியர் அறிதல் வேண்டும். அருகிலிருக்கும் மாணவனும், தன் காலம் நிலையாது என்பதைக் கற்கின்றானோ, அவள் காலம் நிலையாது என்பதை மாத்திரங் கற்கின்றானோ என்பதும் அறியற்பாலது.

இனி, சைவசித்தாந்தம் காலத்தை யாதாகக் கொள்கின்றது என்பதை நோக்குவாம். முப்பத்தாறு தத்துவங்களுள், வித்தியாதத்துவம் ஏழனுள் ஒன்று காலம். அது மாயையிற் றோன்றியது, சடமாயது. கழிந்த காலம் எல்லையையும், நிகழ்காலம் பயனையும், எதிர்காலம் புதுமையையும் உயிர்க்குத் தரும் என்பது நம் சாத்திரக் கொள்கை. இதனை மணற்கடிகையோடு பொருத்திக் காண்க. கீழ்க்குமிழில் விழுந்த மணல் எல்லை. துளைவாயிலில் உள்ள மணி பயன். மேற்குமிழில் எஞ்சியது புதுமை. அச்சுறுத்துவோர் கீழே விழுந்ததனை இழப்பு என்றும், மேலே எஞ்சியதனை இனி இழக்கவிருப்பது என்றும் கூறுவர். நம் ஆன்றோர் அதனை இழப்பு என்னாது புதுமை என்றனர். உயிர் தன் வினைப்பயனை நுகர்ந்து, அறிவு விளங்கி, மேலேறுதற்கு இறைவன் கொடுத்த இடமே காலம் ஆதலின், அங்ஙனம் பெயரிட்டனர் என்க. கடிகை தானே தன்னைத் திருப்பிக்கொள்ளாது. திருப்புவதற்கு ஒரு கை வேண்டும். அதுபோலச் சடமாகிய காலமும் தன்னைத் தானே செலுத்தாது. செலுத்துவோன் ஒருவன் வேண்டும். ஆதலின் காலம் நமக்குத் தலைவன் அன்று, கருவியே. கருவிக்கு அஞ்சுதலும் கருவியால் பிறரை அஞ்சுவித்தலும் பேதைமையாம்.

இவ்விடத்து ஓர் உண்மைச் செய்தியை நினைத்தல் தகும். 2009-ஆம் ஆண்டில் முடிவுற்ற போரினால், இந்நாட்டிலே தந்தையையும் தமையனையும் இழந்து, இளைய சகோதரரைத் தாமே உழைத்து வளர்த்த பெண்கள் பலர். கணவனை இழந்து, தையலும் தோட்டமும் கூலிவேலையுங் கொண்டு பிள்ளைகளைப் படிப்பித்த பெண்களும் பலர். அவர்களுள் ஆசிரியைகளாய் நம்மோடு பணிபுரிவோரும் உளர். அவர்களுடைய இளமை கழிந்தது, எழிலுங் கழிந்தது. கண்ணாடியை மாத்திரம் அறிந்தவன் அவர்களைப் பார்த்து மணல் முடிந்தது என்பான். ஆயின் அம்மணல் எங்கே சென்றது? ஒவ்வொரு மணியும் துளைவாயிலைக் கடக்கும்போது ஒரு தம்பிக்குப் புத்தகமாயிற்று. ஒரு பிள்ளைக்கு உணவாயிற்று. ஒரு தாய்க்கு மருந்தாயிற்று. காலம் கழிந்தது என்பது உண்மை. காலம் வீணாயிற்று என்பது பொய். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியும் அறிவே நிலையாமைப் பாடத்தின் பயனாதல் வேண்டும்.

மணற்கடிகையின் வடிவத்தையே நம் சமயத்திலும் காண்கின்றோம். கூத்தப்பெருமானுடைய வலக்கை ஒன்றிலுள்ள துடி, இருமுகமும் விரிந்து நடு ஒடுங்கியது. இடை சிறுத்த பெண்ணைத் துடியிடையாள் என்று நம் புலவர் கூறியதும் இவ்வடிவு பற்றியே. வடிவால் இரண்டும் ஒன்றாயினும் பொருளால் வேறு. மரணத்தின் கையிலுள்ள கடிகை முடிவைக் காட்டுகின்றது. இறைவன் கையிலுள்ள துடி தோற்றத்தைக் காட்டுகின்றது. படைத்தல் துடியிலும், காத்தல் அமைந்த கரத்திலும், அழித்தல் தீயிலும், மறைத்தல் ஊன்றிய திருவடியிலும், அருளல் தூக்கிய திருவடியிலும் உள்ளன என்பது உண்மைவிளக்கம் கற்றோர் அறிந்தது. அழிக்குந் தீ ஒரு கையில் இருப்பினும், அதற்கு எதிர்க்கையில் துடி ஒலித்துக்கொண்டே இருக்கின்றது. அவ்வழித்தலும் பிறவியில் இளைத்த உயிரை இளைப்பாற்றுதற்கே என்பது நம் கொள்கை. இவ்வாறு முழுமையாகக் காண்பவனுக்கு, பெண்ணின் எழில் இகழத்தக்கதும் அன்று, பற்றிக்கொள்ளத்தக்கதும் அன்று. அது துடியினின்றெழுந்து தீயில் ஒடுங்கும் படைப்பின் ஒரு கூறு. பார்ப்பவனுடைய கண்ணும் அத்தகையதே.

தன் கடிகையைத் தன் கையில் ஏந்திய பெண்ணுக்கு நம் சரித்திரத்திற் காரைக்காலம்மையாரினுஞ் சிறந்த சான்று இல்லை. புனிதவதியார் என்னும் பெயரோடு இல்லறம் நடத்திய அம்மையார், மாங்கனியின் அற்புதத்தால் அஞ்சிய கணவன் தம்மைப் பிரிந்து, பாண்டிநாட்டில் வேறு மணஞ்செய்து வாழ்தலை அறிந்து அங்கே சென்றார். அவன் தன் மனைவியோடும் மகளோடும் வந்து அவர் பாதத்தில் வீழ்ந்தான். அப்பொழுது அம்மையார், கணவன் பொருட்டுத் தாங்கிய தசைப்பொதியை நீக்கிப் பேய்வடிவு தந்தருளுமாறு இறைவனை வேண்டிப் பெற்றார். இச்சரித்திரத்தைக் கற்பிக்கும்போது நாம் ஒன்றை ஊன்றிக் காட்டுதல் வேண்டும். அம்மையாருடைய எழிலைக் காலம் பறித்ததன்று. மரணம் கடிகை காட்டி அச்சுறுத்தியதும் அன்று. ஆடவன் ஒருவன் அருவருத்து இகழ்ந்ததும் அன்று. இஃது எதன்பொருட்டு இருந்தது, இனி எதற்கு வேண்டும் என்று அவரே அளந்தறிந்து, வேண்டாததனைத் தாமே இறக்கி வைத்தார். அங்ஙனம் இறக்கி வைத்தவரைக் கயிலையிலே இறைவன் அம்மை என்று அழைத்தான் எனப் பெரியபுராணங் கூறும். பொலநறுவையிற் கிடைத்த பழைய செப்புத் திருமேனிகளுள்ளும், வற்றிய உடம்பினராய் அமர்ந்து தாளமிடும் அம்மையார் திருவுருவம் உண்டு. அதனைக் கண்டு தொழுதோர் எவரும் எழில் போயிற்றே என்று இரங்கினாரல்லர்.

அற்றேல், எல்லாப் பெண்களும் எழிலைத் துறக்க வேண்டுமோ எனின், வேண்டா. திருக்கடவூரை நினைக்குக. மார்க்கண்டேயர் பொருட்டுக் காலனை உதைத்த பெருமான் எழுந்தருளியிருக்குந் தலம் அது. அத்தலத்து அம்மையின் திருநாமம் அபிராமி. அழகுடையாள் என்பது அதன் பொருள். காலனை வென்றவனும் அழகே உருவானவளும் ஓரிடத்தே வீற்றிருத்தல், அழகு காலத்துக்கு அடிமை என்பார் கூற்றை மறுக்கின்றது. கணவனுக்கு அறுபதாண்டு நிரம்பியபோது, தம்பதிகள் அங்கே சென்று மீளவும் மாலைமாற்றித் திருமாங்கல்யம் பூட்டுதல் இன்றும் உள்ள வழக்கு. நரைத்த கூந்தலிற் பூச்சூடி, பேரப்பிள்ளைகள் சூழ, அம்மூதாட்டி மணமகளாய் நிற்கின்றாள். கண்டோர் நகைப்பதில்லை, வணங்கி ஆசி பெறுகின்றனர். பால்டுங் எழுதிய முதியவள் மரணத்தின் கையைத் தடுக்க வீணே முயன்றாள். இம்முதியவளோ காலகாலன் சந்நிதியில் அச்சமின்றி நிற்கின்றாள். மணல் இருவர்க்கும் ஒருவீதமாகவே ஒழுகியது. வேற்றுமை மணலில் இல்லை. கடிகையைப் பிடித்த கையிலே உள்ளது.

ஆதலால், நிலையாமை கற்பிக்கும் ஆசிரியர்கள் மூன்றைக் கைக்கொள்ளல் நன்று. முதலாவது, நிலையாமைச் செய்யுளைக் கற்பிக்கும்போது, யார் யாருக்குக் கூறியது என்பதை முன்னர் விளக்குக. துறவி துறவிக்குக் கூறியதனைப் பொதுவிதியாகக் கூறாதொழிக. இரண்டாவது, உதாரணத்தை எப்போதும் கேட்போனுடைய சொந்த வாழ்விலிருந்தே எடுக்க. மாணவனுக்கு அவன் தோளின் வலிமையும், அவன் வீணே கழித்த மாலைப்பொழுதும் உதாரணமாகுக. மாணவிக்கு அவளுடைய கற்குங்காலமும் அவள் கையில் உள்ள திறமையும் உதாரணமாகுக. ஆசிரியர்க்குத் தம் நரையே உதாரணமாகுக. பிறருடைய நிலையாமையைக் கூறுதல் எவர்க்கும் எளிது. தன் நிலையாமையை உணர்தலே ஞானத்துக்கு வாயில். மூன்றாவது, உடம்பை இகழ்ந்து பாடத்தை முடியாதொழிக. உடம்பை முன்னர் இழிவெனக் கருதியவர், பின்னர் அதனுள்ளே இறைவன் கோயில்கொண்டமை கண்டு அதனைப் போற்றலாயினார் என்பது திருமூலர் தந்த வழி. நிலையாதது என்பதனாலேயே அது விரைந்து நற்கருமத்திற் செலுத்தற்பாலது, வெறுத்தற்பாலது அன்று.

சிறுமியின் தலைக்குமேல் நாம் கடிகை பிடிப்போமாயின், அவள் கண்ணாடியையே நாடுவாள். அல்லது கண்ணாடிக்கு அஞ்சுவாள். அவள் கையிலே கடிகையைக் கொடுத்து, இந்த மணி விழுமுன் நீ செய்யத்தக்கது யாது என்று வினாவுவோமாயின், அவள் அடக்கமும் அறிவும் உடையவளாய்த் தன் நாளை அளந்து வாழ்வாள். சிறுவனுக்கும் இதுவே நெறி. நம் பாடசாலைகளிற் பயிலும் மக்கள் யாவரும் தத்தங் கடிகையைத் தத்தங் கையில் ஏந்தி, எஞ்சியுள்ள காலத்தைச் சிவப்பணிக்கும் உயிர்ப்பணிக்கும் உரியதாக்கி உய்யும்வண்ணம் திருவருள் முன்னிற்பதாக.